யாருக்குச் சொல்ல வேண்டும்?

இரண்டு வருஷங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாத மாலையில், சிநேகிதர் ஒருவருடைய மகன் என்னைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனான். வீட்டில் வைத்துப் பேச முடியாத சங்கதி என்றான். புதுச்சேரியில் அந்த மாதிரிச் சங்கதிகளுக்கெல்லாம் கடற்கரைச் சாலைதான் புகலிடம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அலைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. காந்தி சிலையைத் தாண்டி, பழைய கலங்கரை விளக்கத்தையும் தாண்டி, கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நல்ல தேகக்கட்டு. தலைவலி என்று ஒரு நாள் படுத்தவன் அல்ல. வேலை செய்யும் இடத்தில் ரத்த தான முகாம் நடந்தது. எல்லாரோடும் சேர்ந்து கையை நீட்டினான். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் கிருமி அவன் ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். டாக்டரிடம் போனான். மேலும் சில சோதனைகள் செய்து பார்த்துவிட்டு, இது இன்று நேற்று வந்ததாகத் தெரியவில்லை, நெடுநாளாகவே இருக்கவேண்டும் என்றார் அவர். கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றும், வீட்டில் உள்ள எல்லாரையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வியாதி இல்லாத வியாதி. அதோடு போயிருந்தால் என்னைத் தேடி வந்திருக்கமாட்டான். தை மாதத்தில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பொண்ணு வீட்டுல சொல்லணுமா, சித்தப்பா?" என்று கேட்டான்.

அவன் அம்மா கூடாது என்று சொல்லிவிட்டாள். "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கிக் குடி. ஒரு மண்டலத்துல ஓடிப்போயிடும். ஓடிப்போற சீக்குக்காக ஊரெல்லாம் தண்டோரா போடுவியா?" என்பது அவள் கட்சி. சிநேகிதர் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தார். பையனைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர் சொன்னபடி வீட்டில் வேறு யாரும் சோதித்துக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள் என்ற பயம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எழுதுகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் இருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அன்று எனக்கு இருந்தது அபிப்பிராயம் அல்ல, குழப்பம்தான். முதலில் அந்தக் கிருமியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் தர்ம நியாயம் பேசுவது சரியல்ல என்று பட்டது.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்கர். கல்லீரலைத் தேடிப் போனவர் அல்ல அவர். மனித இனங்களுக்குள் ரத்தம் எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் புதிதாக ஒரு பொருளைக் கண்டார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று அதற்குப் பெயர் வைத்து 1965இல் வெளியிட்டார். அது கல்லீரல் கிருமியின் மேலுறை என்பது பிறகுதான் துலங்கியது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதியைத்தான் உலகம் கல்லீரல் அழற்சி தினமாக அனுஷ்டிக்கிறது.

பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றினால் கணக்குத் தலைகீழாகிறது. அப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது அதை ஆயுள் முழுதும் சுமக்கின்றன. சுமக்கிறவர்களில் பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கு மட்டும், இருபது முப்பது வருஷங்களுக்குப் பிறகு, கல்லீரல் சுருங்கிப் போகிறது. அல்லது அதில் புற்று வைக்கிறது. யாருக்கு என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விடாமல் சோதித்துப் பார்த்துக்கொள்வதுதான் வழி. தேவைப்பட்டால் கிருமியை அடக்கி வைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அவற்றை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அடியோடு ஒழிக்கிற மருந்துதான் இன்னும் கைக்கு வரவில்லை.

2022ஆம் வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்குப்படி, இதைச் சுமப்பவர்கள் உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தாம் சுமப்பது தெரியாது. ஆக, அந்தப் பையன் ஏதோ அபூர்வப் பிறவி அல்ல. அவன் வேறுபட்டது ஒன்றில்தான்: அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த கணத்திலிருந்து அவனுக்கு ஒரு பொறுப்பும் வந்துவிட்டது.

கீழாநெல்லியை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்கு அதைக் கொடுக்காத தமிழ் வீடு ஏது? நம் பாட்டிமாரின் அந்த நம்பிக்கையைச் சென்னைப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் முதலானவர்கள், மேலே சொன்ன பிளம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி 1988இல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. கிருமியைச் சுமப்பவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. படித்தவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் வேறு இடங்களில் வேறு டாக்டர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. அந்தப் பையனின் அம்மா கீழாநெல்லி கொடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அதைப் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமாக வைத்துக்கொண்டதில்தான் ஆட்சேபம். குணமாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு, குணமாகிவிட்டது என்ற உண்மை வேறு. முதலாவதை இரண்டாவது மாதிரி செலவு செய்யக் கூடாது.

இனி, கேள்விக்கு வருவோம். சொல்ல வேண்டுமா?

வாய்மை என்பது பிறருக்குத் தீங்கு தராத பேச்சு என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். அந்த இலக்கணத்தைச் சௌகரியமாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், பெண்ணுக்கு மனக்கஷ்டம், இரண்டு குடும்பத்துக்கும் அவமானம், ஆகவே சொல்லாமல் இருப்பதே நல்லது என்று கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், பேச்சை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதே தராசில் மௌனத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இந்த மௌனத்தால் யாருக்குத் தீங்கு?

அதற்கு, கிருமி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் போதும். ரத்தத்தின் வழியாகப் போகிறது. தாம்பத்திய உறவின் வழியாகப் போகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. சோற்றின் வழியாகப் போவதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே பாயில் உட்காருவதாலும், கட்டிக்கொள்வதாலும், இருமுவதாலும் போவதில்லை.

அந்த வீட்டில் நான் என் கண்ணாலேயே பார்த்தது ஒன்று உண்டு. செய்தி தெரிந்த மறுநாளே அவனுடைய டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அடுப்பங்கரை மேடையில், ஜன்னலோரமாக, அவை மட்டும் ஒதுங்கி நின்றன. ஆனால் குளியலறையில் அவனும் அவன் தம்பியும் ஒரே சவரக் கத்தியைத்தான் மாற்றி மாற்றி உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். நகவெட்டியும் ஒன்றுதான். டம்ளரில் ஆபத்து இல்லை. உலர்ந்த ரத்தத்தில் இந்தக் கிருமி ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். சவரக் கத்தியில்தான் ஆபத்து. 2009இல் குஜராத்தில் மோடாசா என்ற ஊரில், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதால் இந்தக் கிருமி பரவிப் பலர் மாண்டுபோனார்கள். அவர்களில் யாரும் பிறர் டம்ளரில் தண்ணீர் குடித்துச் சாகவில்லை.

நம் பயம் பழகிய வழியிலேயே போகிறது. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த காரியம். இந்த ஊரில் ஒரு வாய்க்காலை நடுவில் வைத்து, கடற்கரைப் பக்கம் வெள்ளையர் பட்டணம், மறுபக்கம் தமிழர் பட்டணம் என்று பிரித்து வாழ்ந்திருக்கிறார்கள். தமிழர் பட்டணத்துக்குள் நாமே இன்னும் எத்தனையோ வாய்க்கால் வெட்டிக்கொண்டோம். ஒதுக்குவதற்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்தால் நம் கை தானாகவே டம்ளரைத் தேடுகிறது.

ஆகவே, சொல்ல வேண்டிய இடமும் சொல்ல வேண்டாத இடமும் தனித்தனியே இருக்கின்றன. வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வேறு வியாதிகளுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் தூங்கும் கிருமியை எழுப்பிவிடும். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்கோ, வீட்டுக்காரருக்கோ, எதிர்வீட்டு அம்மாளுக்கோ சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு இதனால் ஆபத்தும் இல்லை, கேட்கும் உரிமையும் இல்லை. உண்மை என்பது கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற சுண்டல் அல்ல. கடன்பட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

இதே மாதிரியான ஒரு வழக்கு நம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. வியாதி மட்டும் வேறு. 1995இல் சென்னையில் ஒருவர் ரத்தம் கொடுத்தார், அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே கசிந்து, நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டார். 1998இல் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. நோயாளியின் ரகசியத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் மணக்கப் போகும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் அவளுடைய உரிமையே மேலானது என்றது. அப்படிப்பட்டவரின் திருமண உரிமையைப் பற்றி அந்தத் தீர்ப்பில் பொதுப்படச் சொல்லியிருந்தவை அவசியமற்றவை என்று 2002இல் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்சு சொல்லிவிட்டது. பிறகு, 2017இல் வந்த சட்டம் எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரகசியத்துக்கும் வேலைக்கும் ஓரளவு காவல் வைத்தது. அந்தச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான்.

அந்த வழக்கையும் என் முன் இருந்த கேள்வியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கிடையாது. இதற்கு இருக்கிறது. முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று மூன்று ஊசி. 1997இல் ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி இதை உள்நாட்டிலேயே செய்து குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திலேயே போடுகிறார்கள். பெண்ணுக்கு ஊசி போட்டு, அது ரத்தத்தில் பிடித்திருக்கிறதா என்று ஒரு சோதனையும் செய்துவிட்டால், அவர்கள் எல்லாரையும் போலக் குடித்தனம் நடத்தலாம், பிள்ளை பெறலாம். அப்படியானால் இங்கே உண்மை வெறும் எச்சரிக்கை அல்ல, மருந்தின் முதல் பாதி. சொன்னால்தான் ஊசி, ஊசி போட்டால்தான் காவல். ஐப்பசியில் சொல்லாமல் தையில் தாலி கட்டினால், அவளைக் காப்பாற்ற இருந்த மாதங்களை அவளுக்குத் தெரியாமலே எடுத்துச் செலவழித்ததாகும். ஒருவேளை அவளுக்குத் தொற்றாமல் போகலாம். தொற்றினாலும் உடம்பு விரட்டிவிடலாம். ஆனால் அந்தச் சூதாட்டத்தில் பணயம் வைத்தது அவள் உடம்பை. காயை உருட்டியது இவன் கை.

இவ்வளவும் எனக்குத் தெளிவாகிவிட்டது. சொல்லிவிடு என்று சொல்லக் கிளம்பினேன். கிளம்பும்போது என் மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று ஒரு நினைப்பு வந்து என்னைப் பிடித்து நிறுத்திற்று. இவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையன் நாளை வந்து என்னிடம் இப்படிச் சொன்னால்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய நேர்மையை மனமாரப் புகழ்ந்திருப்பேன். காப்பி கொடுத்து, கையைப் பிடித்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டிருப்பேன். மறுநாள் தரகரைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அன்றுதான் எனக்கு இந்தக் கேள்வியின் மறுபாதி தெரிந்தது. சொல்ல வேண்டியவனுடைய கடமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். கேட்கிறவனுடைய கடமை என்ன?

நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரி இருந்தாள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் டைபாய்டு கிருமியைச் சுமந்துகொண்டிருந்தாள். 1907இல் அவளைப் பிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகு 1910இல் விடுவித்தார்கள். துணி துவைக்கும் வேலைக்குப் போனாள். சமையலில் கிடைத்த சம்பளம் அதில் கிடைக்கவில்லை. 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டைபாய்டு பரவியபோது, வேறு பெயர் வைத்துக்கொண்டு அங்கே அவள் சமைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மறுபடியும் தீவு. 1938இல் சாகும்வரை அங்கேயே இருந்தாள். அவள் செய்தது தவறு. அதனால் உயிர்கள் போயின. ஆனால் மேரி என்ற பெயரோடு பட்டினி, வேறு பெயரோடு சோறு என்று அவளுக்கு ஏற்பாடு செய்து வைத்தது யார்? உண்மையைச் சொல்பவனைத் தண்டித்துக்கொண்டே இருந்தால், பொய் சொல்வதற்குக் கூலி கொடுப்பது போலத்தான்.

நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்தச் சோதனையில் தேறாவிட்டால் விசா கிடையாது. எத்தனையோ பேருக்குத் தம் உடம்பைப் பற்றிய செய்தி அந்தச் சீட்டில்தான் முதலில் தெரிகிறது. கடன் வாங்கிக் கட்டிய பணமும் அதோடு போகிறது. சீனாவில் வேலைக்குச் சேர்ப்பதற்கும் பள்ளியில் சேர்ப்பதற்கும் இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது என்று 2010இல் அரசு தடை போட்டது. உத்தரவு போட்டவுடன் மனம் மாறிவிடாது. ஆனாலும் மேஜையில் வேலை செய்ய இந்த ரத்தச் சோதனை அவசியமில்லை என்று ஒரு அரசாங்கம் சொன்னது பெரிய காரியம்.

பையனிடம் போய் நான் மூன்று விஷயங்கள் சொன்னேன். பெண்ணிடமும் அவள் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும், டாக்டரையும் பார்க்கச் செய்ய வேண்டும் என்றேன். சொன்னால் கல்யாணம் நின்றுபோகக் கூடும் என்றேன். மூன்றாவதாக, அவர்கள் இடத்தில் இருந்தால் நானே நிறுத்தியிருப்பேன், அது என் கோழைத்தனம், அதை உன் குறையாக எடுத்துக்கொள்ளாதே என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, சித்தப்பா" என்றான்.

சொன்னான். கல்யாணம் நின்றது. பெண்ணின் தகப்பனார் மரியாதையாகவே பேசினார். நான் பேசியிருக்கக்கூடிய மாதிரியே பேசினார். அடுத்த வாரம் அவன் அம்மா தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மைக்குப் பரிசு கிடைக்கும் என்று கதையில் எழுதலாம். நான் பார்த்த அளவில் இப்படித்தான் நடந்தது.

ஆனால் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்றானபிறகு வேறொன்று நடந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமும் போய்விட்டது. டாக்டர் முதல் நாளே சொன்ன காரியத்தை, அவன் பிடிவாதமாக நின்று, மார்கழியில் செய்ய வைத்தான். வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு இல்லை. தம்பிக்கு இல்லை, அவனுக்கு ஊசி போட்டார்கள். அம்மாவுக்கு இருந்தது. அவளிடமிருந்துதான் பிரசவத்தில் இவனுக்கு வந்திருக்கவேண்டும். அவளுடைய கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். இப்போது கிருமி அடங்கியிருக்கிறது.

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளி வைத்த ஊர் இது. அதன் வழிவந்த ஜிப்மருக்கு அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலிருந்தெல்லாம் விடியற்காலையிலேயே பஸ் ஏறி ஜனங்கள் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே, உள்ளூர் அம்மாள் ஒருத்தி இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் தெரியாமல் சுமந்திருக்கிறாள். தெரிந்துகொள்ள வாய்ப்பு வந்தபோதும் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகப் போகாமல் இருந்திருக்கிறாள். பெண் வீட்டுக்கு எதிராகப் பூட்டிய கதவு அவளையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

செய்தி தெரிந்த அன்று அவள் அழுதாளாம். தன் உடம்புக்காக அல்ல. "நானே என் புள்ளைக்குக் குடுத்துட்டேனே" என்று. அவன் பிறந்த காலத்தில் இங்கே பிரசவ அறையில் இந்த ஊசி போடும் வழக்கம் இல்லை. அவளுக்குத் தெரியவும் தெரியாது. தெரியாமல் நடந்ததில் பாவம் இல்லை என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

சில நாள் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாள் பேசினாள், காப்பியும் வந்தது. ஜன்னலோரத்தில் தனியாக நின்ற டம்ளரும் தட்டும் அங்கே இல்லை. எல்லாம் ஒரே அலமாரியில் இருந்தன. குளியலறையில் ஆளுக்கொரு சவரக் கத்தி இருப்பதாகப் பையன் சொன்னான்.

அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கிறார்கள். இப்போது முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறான். கூடவே தடுப்பூசியைப் பற்றியும் சொல்லுகிறானாம். என்றாவது ஒரு வீட்டில், "அப்படியா? என்றைக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். அப்படிக் கேட்கிற மனிதனாக நான் ஆக முடியுமா என்பதுதான் இந்த இரண்டு வருஷமாக என் கேள்வி. என் மகளுக்கும் வயது வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு மூன்று ஊசியும் போட்டாயிற்று. ஊசி போட வேண்டியது இனி எனக்குத்தான்.